கார் அடித்த கை

போன ஞாயிற்றுக்கிழமை காலை வீடு கூட்டிய என் மனைவி, நெல்லுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து சாக்கில் சுற்றிய ஓர் இரும்பை இழுத்து வெளியே போட்டாள். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடிய நீளம். இரண்டு இடத்தில் மடங்கி, ஒரு நுனியில் வெட்டுப்பல் வைத்தது. உடம்பெல்லாம் துரு, கை பிடிக்கிற இடம் மட்டும் இன்னும் வழுவழுப்பாக இருந்தது. பழைய காரின் முன்பக்கத்தில் செருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்புகிற ஹான்டில் அது. "பழைய இரும்புக்காரன் இண்டைக்கு வருவான், இதைக் குடுக்கட்டோ?" என்று கேட்டாள். அக்கா அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். யன்னலோரக் கதிரையில் இருந்து நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் கிள்ளுவதை நிறுத்தியிருந்தாள்.

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் மனைவிக்கு நான் சொல்லாமல் விட்டவற்றில் இந்தக் கம்பியின் கதையும் ஒன்று. இது இரண்டு பேரின் கையை முறித்திருக்கிறது. ஒரு முறிவுக்கு நான்தான் பொறுப்பு. இதைப் பழைய இரும்புக்குக் கொடுக்க மனம் வரவில்லை, வைத்திருக்கவும் பிடிக்கவில்லை. இருபத்தேழு வயதில் நான் வாங்க ஆசைப்பட்ட முதல் காரில் என் கையில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

அது அத்தானுடைய கார். அக்காவைக் கட்டியவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டேன், இன்றைக்கும் வேறு பெயர் வாயில் வருவதில்லை. ஈச்சிலம்பற்றுப் பக்கத்து ஆள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நல்ல உயரம், தோள் இரண்டும் கதவகலம், சிரித்தால் யாருக்கும் பிடித்துப்போகும். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டைப் பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். பெண்ணைப் பெற்றவர்கள் அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அப்பாவும் கல்வீட்டை அக்காவின் பேரில் எழுதிவிட்டு எங்களைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே போய்ச் சேர்ந்தார். பிறகு அம்மாவும் நானும்தான் கொட்டிலில். கொடுத்த வீட்டுக்குள் கேளாமல் காலடி வைக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். எங்கள் குசினிக்கும் அவர்களுடைய குசினிக்கும் இடையில் பத்து அடி தூரம், ஒரு முருங்கை மரம். அவ்வளவுதான்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன காலம் அது. கப்பலேறுகிற துரைமார் கதிரை, கட்டில், கிராமபோன், நாய் என்று எல்லாவற்றையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு துரையின் காரை அத்தான் வாங்கினார். கூரையில்லாத இரண்டு இருக்கைக் கார். கடும் பச்சை நிறம், நீண்ட மூக்கு, சைக்கிள் சக்கரம்போல மெல்லிய ஆரக்கால் வைத்த சக்கரங்கள், சிவப்புத் தோல் இருக்கை. பந்தயத்துக்குச் செய்த சாதிக் கார் என்றார். அது வளவுக்குள் நுழைந்தபோது எனக்குப் பதினாறு வயது. அந்தப் பச்சை இன்றும் கண்ணை மூடினால் வரும்.

அந்த இரண்டாவது இருக்கையில் நான்தான் இருந்தேன், அக்கா இல்லை. தலையில் எண்ணெய், தோல் பழுதாகும் என்று அவளை ஏற்றவில்லை. தொடவும் விடவில்லை. ஞாயிறு காலையில் அவள் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து நான்கு அடி தள்ளி வைப்பாள், அத்தான் எடுத்துக் கழுவுவார். கழுவி முடிய, "ஏறு மச்சான்" என்பார். நான் பாய்ந்து ஏறுவேன். கடற்கரை வீதியால் காற்று முகத்தில் அடிக்கப் போய் வருவோம். திரும்பி வரும்போது அக்கா குசினி வாசலில் நிற்பாள். அவள் முகத்தைப் பார்க்கிற வயது எனக்கு அப்போது வரவில்லை என்று சொல்லித் தப்பலாம். உண்மை அதுவல்ல, பார்க்கத் தேவைப்படவில்லை.

ஒருநாள் சந்தைக்குக் கிட்ட நெருக்கத்தில் கார் நின்றது. தம்பலகாமத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டில் ஒன்று பக்கத்தால் ஒட்டிப் போனது. மாட்டின் கொம்பு மட்கார்டில் உரசிக் கீறிவிட்டது. ஒரு விரல் நீளக் கீறல்தான். அத்தான் இறங்கினார். இருக்கைக்குப் பின்னாலிருந்து இந்த ஹான்டிலை எடுத்து, மாட்டின் முகத்தில் ஓங்கி ஒரு அடி. கொம்பு அடியோடு கழன்று தொங்கியது. இரத்தம் மாட்டின் கண்ணுக்குள் ஓட, அது முழங்காலில் விழுந்தது. வண்டில்காரர் "ஐயோ என்ரை பிள்ளை" என்று அதன் தலையைக் கட்டிப்பிடித்தார். அத்தான் அவருடைய முதுகிலும் ஒன்று போட்டார். சந்தை முழுக்கப் பார்த்து நின்றது. கம்பியைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறி, "இப்ப படிப்பாங்கள்" என்றார்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பெருமையாக இருந்தது. சந்தையே பயந்து பார்க்கும் ஆளுக்குப் பக்கத்து இருக்கையில் இருக்கிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அந்த மாட்டின் முழங்கால் மடங்கிய சத்தம் பல வருடம் கழித்துத்தான் எனக்குக் கேட்டது.

வீட்டுக்குள் நடந்ததும் கேட்காமல் இல்லை. முருங்கை மரத்தைத் தாண்டி எல்லாம் வந்தது. கோப்பை சுவரில் மோதுகிற சத்தம், அக்காவின் தலை சுவரில் மோதுகிற சத்தம், இரண்டும் வேறுவேறு என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டேன். அவள் கத்துவதில்லை. கத்தாததால் அடி குறைவு என்று அம்மாவும் நானும் எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லுவாள். நான் பாடப் புத்தகத்தை எடுத்து உரத்துப் படிப்பேன். அந்த வருடம் பூமிசாத்திரத்தில் எனக்கு நல்ல புள்ளி. காரணம் இதுதான்.

எனக்குப் பத்தொன்பது வயதில் அக்காவின் கை முறிந்தது. இடது கை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில். அத்தான் கூப்பிட்டு அம்மாவும் நானும் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் நிலத்தில் இருந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் மூச்சு வாங்க நின்றார். "காரைத் தொடாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான். கேட்டாளே? கிளப்பிப் பாக்கப் போயிருக்கிறாள். கம்பி திருப்பி அடிச்சுப்போட்டுது" என்றார். அந்தக் காரின் செல்ஃப் மோட்டர் அதற்கு முன்பே பழுது, கம்பியால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் சில வேளை எதிர்ப்பக்கம் உதைத்துக் கம்பியை வெடுக்கென்று திருப்பும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே நம்பினோம். நம்பியதோடு நிற்கவில்லை, அவளை ஏசினோம். "உனக்கேன் பிள்ளை அந்த வேலை?" என்று அம்மா ஏசினாள். "சும்மா இருக்க ஏலாதே உனக்கு?" என்று நானும் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "ஓம், என்ரை பிழைதான்" என்றாள்.

தம்பலகாமத்தில் முறிவு பார்க்கிற பரியாரியார் ஒருவர் இருந்தார். அவரிடம்தான் கொண்டுபோனோம். முட்டை வெள்ளையில் மருந்து குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். கட்டும்போது, "பிள்ளைக்கு எந்தக் கைப் பழக்கம்?" என்று கேட்டார். "வலக்கை" என்று அத்தான்தான் பதில் சொன்னார். பரியாரியார் சிறிது நேரம் அத்தானையே பார்த்தார். ஒன்றரை மாதம் கையை அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதினைந்தாம் நாள் அக்கா கிணற்றடியில் வாளி தூக்கினாள். எலும்பு வளைந்து பொருந்தியது.

படிப்பு முடிய எனக்குத் துறைமுக அலுவலகத்தில் கிளாக்கர் வேலை கிடைத்தது. உப்புவெளியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வளவை விட்டுப் போனேன். வேலைக்குக் கிட்ட இருந்த வீட்டை விட்டுத் தூரப் போகிறான் என்று சிநேகிதர்கள் சிரித்தார்கள். சத்தம் கேட்காத இடத்துக்குப் போனேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. கேட்காமல் விட்டதும் அங்கே அது நின்றுவிட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அத்தான் கள்ளு ஊற்றித் தருவார், அக்கா மீன் பொரித்துத் தருவாள். கார் மா மரத்தின் கீழ் நிற்கும்.

என் இருபத்தேழாவது வயதில், அத்தான் அதை விற்கப் போகிறார் என்று தெரிந்தது. வாடகைக்கு விட ஒரு வான் வண்டியில் அவருக்குக் கண் விழுந்திருந்தது. வெளியிலிருந்து கார் வருவது நின்றுபோன காலம், நாட்டில் இருந்த கார்களைத்தான் மாறி மாறி விற்று வாங்கினார்கள். "வெளியாளுக்குக் குடுக்க எனக்கு மனமில்லை மச்சான். நீதானே அதிலை வளர்ந்தனி" என்றார். அன்று உப்புவெளிக்கு சைக்கிள் மிதித்துப் போனது எனக்கு ஞாபகமே இல்லை. மனதுக்குள் காரோட்டித்தான் போனேன்.

வாங்குவதா விடுவதா என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்தேன். வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் நிறைய இருந்தன. அதற்கு ஏற்ற டயர் கிடைக்காது. மழை வந்தால் நனைய வேண்டும். "கலியாணம் கட்டினால் மாமியை எங்கை இருத்துவாய்? மூக்கிலையோ?" என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். "கூரையில்லாத சாமானுக்கு ஆராவது காசு குடுப்பானோ?" என்று அம்மா கேட்டாள். வேண்டும் என்பதற்கு ஒரே காரணம்தான், எனக்கு ஆசை. பச்சைக் காரிலிருந்து நான் இறங்கும்போது பார்க்கிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை எந்தச் சந்தையில், எந்த மாட்டின் முன்னால் பிடித்தது என்று நான் யோசிக்கவில்லை.

கிண்ணியாவில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம், அப்படி ஒரு மெக்கானிக் நானாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அரைநாள் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். பிறகு கையைத் துடைத்தபடி, "வயசாளிதான் தம்பி, ஆனா மூச்சு இரிக்கி. வாங்கலாம்" என்றார். "ஒண்டு மட்டும் கவனம். கம்பியச் சுத்தக்குள்ள பெருவிரல மடக்கிப் பிடிக்காதீங்க, மத்த விரலோட சேத்து வைங்க. திருப்பி அடிச்சா வலக்கைதான் போகும். பெருவிரல் மொளி, இல்லாட்டி மணிக்கட்டு. எத்தின டிரைவர்மாருக்குப் பாத்திரிக்கன்." நான் தலையாட்டினேன். அவர் சொன்னது காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை.

கடைசியாக அக்காவைக் கேட்டேன். அவள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். வளைந்த கையால் குழவியை நேரே பிடிக்க முடியாது, ஒரு பக்கம் சாய்த்துத்தான் அரைப்பாள்.

"வாங்கட்டோ அக்கா?"

"வாங்கு தம்பி."

"யோசிச்சுச் சொல்லு. பழசு, செலவு வைக்கும்."

"வாங்கு. இண்டைக்கெண்டாலும் கொண்டு போ." பிறகு அரைப்பதை நிறுத்தி, "கொண்டு போகேக்கை அந்தக் கம்பியையும் மறக்காமல் கொண்டு போ. இஞ்சை விட்டிட்டுப் போயிடாதை" என்றாள்.

"கம்பி இல்லாமல் கார் என்னெண்டு ஓடும்?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். எனக்காகத்தான் சொல்கிறாள், தம்பி ஆசைப்பட்டதை அடைய வேண்டும் என்று நினைக்கிறாள் என்று எனக்கு மனம் உருகிப்போனது. அன்றே முடிவெடுத்தேன், வாங்குவது என்று.

அடுத்த ஞாயிறு காலை பணத்தோடு போனேன். அம்மா நான்கு தேசிக்காயை நான்கு சக்கரத்துக்கும் முன்னால் வைத்திருந்தாள். புது வண்டி முதலில் உருளும்போது அவை நசிபட வேண்டும், கண்ணூறு போகும். கூரையில்லாத சாமான் என்று சொன்னவள்தான், எனக்கென்றதும் தேசிக்காய் தேடி வைத்தாள். அத்தான் ஓட்டுகிற இருக்கையில் ஏறி இருந்தார். "வாங்கிறவன்தான் கிளப்பிப் பாக்க வேணும். இந்தா" என்று ஹான்டிலை என்னிடம் எறிந்தார். அக்கா குசினி வாசலில் நின்றாள். பதினொரு வருடமாக நிற்கிற அதே இடம்.

கம்பியைச் செருகினேன். இடது கையை மட்கார்டில் ஊன்றி வலது கையால் சுற்றினேன். முதல் சுற்று ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் எஞ்சின் இருமியது. மூன்றாவது சுற்றில் அவசரத்தில் நானா சொன்னதை மறந்து பெருவிரலை மடக்கிப் பிடித்துவிட்டேன் போலும். உள்ளிருந்து யாரோ உதைத்ததுபோலக் கம்பி திரும்பி வந்தது. பெருவிரல் மொளி சடக்கென்றது. கண்ணில் நீர் வர, வலது கையைத் தொடைக்கிடையில் வைத்துக்கொண்டு குந்திவிட்டேன்.

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "கொக்காவின்ரை தம்பிதானே! ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி" என்றார்.

நான் கையை வெளியே எடுத்துப் பார்த்தேன். பெருவிரல் அடி ஊதிக்கொண்டு வந்தது. வலது கை. கம்பி அடித்தால் வலக்கைதான் போகும், பெருவிரல் மொளி, இல்லாட்டி மணிக்கட்டு. நிமிர்ந்து குசினி வாசலைப் பார்த்தேன். அக்கா வளைந்த இடது கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். வலக்கைக்காரி அவள். அந்த வலது கைக்கு அன்றைக்கு ஒரு கீறல்கூட இல்லை. எட்டு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கை போட்ட சோற்றைத் தின்றிருக்கிறேன்.

"அக்கா, நீ எந்தக் கையாலை சுத்தினனி?" என்று கேட்டேன்.

அத்தானின் சிரிப்பு நின்றது. "எந்தக் கையெண்டால் உனக்கென்ன? காசை எடு" என்றார்.

"நான் சுத்தேல்லை" என்றாள் அக்கா. அவள் குரல் அதிகாலைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. "நான் அந்தக் காரை இண்டைவரைக்கும் தொட்டதில்லை தம்பி."

அத்தான் கதவைத் திறக்காமலே தாண்டிக் குதித்து அவளை நோக்கிப் போனார். "வாயைப் பொத்தடி" என்று கையை ஓங்கினார். கீழே கிடந்த கம்பியை நான் இடது கையால் எடுத்தது நினைவிருக்கிறது. ஊதிய வலது கையையும் சேர்த்துப் பிடித்தேன், நோவு தெரியவில்லை. "அத்தான்" என்று கத்தினேன். அவர் திரும்பினார். தலைக்கு மேலே தூக்கி அடித்தேன். தலையில்தான் அடித்தேன், அதை மறைக்க மாட்டேன். அவருடைய இடது கை தானாக மேலெழுந்து முகத்தை மறைத்தது. அடி அதில் விழுந்தது. காய்ந்த பாளை முறிவதுபோலச் சத்தம். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், அதே இடம். அப்போதுதான் எட்டு வருடத்துக்கு முந்தைய அந்த நாளை என் கண்ணால் கண்டேன். அக்கா எப்படி நின்றிருப்பாள், எந்தக் கையை எதற்காகத் தூக்கியிருப்பாள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அத்தான் முழங்காலில் விழுந்தார். நான் இரண்டாந்தரம் ஓங்கினேன். அந்த நேரம் எனக்குக் கோபம் என்று சொன்னால் அது பாதி உண்மை. சுகமாக இருந்தது. கம்பியின் பாரமும், விழுந்த ஆளின் பயமும், கொட்டில் வாசலில் அம்மா வாயில் கைவைத்து நின்றதும், எல்லாமே சுகமாக இருந்தன. அந்த அடி விழுந்திருந்தால் அவர் செத்திருப்பார், நான் சிறைக்குப் போயிருப்பேன். அக்கா ஓடிவந்து இடையில் நின்றாள். என்னைத் தடுக்கத்தான் வந்தாள். ஆனால் உயர்ந்து நின்ற கம்பியைக் கண்டதும் அவளுடைய இடது கை மேலே எழுந்தது. வளைந்த அந்தக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, என் முன்னால் நின்றாள்.

கம்பியைக் கீழே விட்டேன்.

வாடகைக் கார் பிடித்து அத்தானைத் தம்பலகாமத்துப் பரியாரியாரிடம் நான்தான் கொண்டுபோனேன். பரியாரியார் கிழண்டிருந்தார். முதலில் என் பெருவிரலைப் பிடித்து இழுத்துப் பொருத்தி, "இது கார் அடிச்ச கை" என்றார். பிறகு அத்தானின் கையைத் தடவிப் பார்த்து, "இது?" என்று கேட்டார்.

"அதுவும் கார்தான்" என்றார் அத்தான்.

பரியாரியார் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அத்தானைப் பார்த்த அதே பார்வை. "ஓம், கார்தான்" என்றேன் நான். "அப்ப சரி" என்று சிம்பை எடுத்தார்.

அன்று பின்னேரம் அக்கா அத்தானின் உடுப்பை ஒரு பெட்டியில் அடுக்கி வாசலில் வைத்திருந்தாள். "இது என்ரை பேரிலை எழுதின வீடு. நீங்கள் உங்கடை கொம்மாவிட்டைப் போங்கோ" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்தச் சொல்லைச் சொல்ல முதல் நாளிலிருந்தே அவளுக்கு உரிமை இருந்தது, உறுதிப்பத்திரம் பெட்டிக்குள் இருந்தது. மூன்று பேரில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. கொடுத்த வீட்டுக்குள் நுழையக்கூடாது என்ற சட்டம் எங்களுக்குத் தெரிந்திருந்தது, அது யாருக்குக் கொடுத்த வீடு என்பதை மறந்துபோனோம். அத்தான் ஈச்சிலம்பற்றுக்குப் போனார், திரும்பி வரவில்லை.

காரை நான் வாங்கவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு இரண்டு பேர் லொறியோடு வந்து அதைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். "ஹான்டில் எங்கை?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். கார் படலையைத் தாண்டியபோது நானும் படலைவரை பின்னால் போனேன். இவ்வளவு நடந்த பிறகும் அந்தப் பச்சை மூக்கு மூலை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கம் கெட்ட ஆசை அது. சக்கரத்துக்கு முன்னால் வைத்த தேசிக்காய்களில் முன்னிரண்டும் நசிபட்டுக் கிடந்தன. ஒதுங்கி உருண்டு தப்பிய பின்னிரண்டையும் அக்கா பொறுக்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். அதற்குப் பிறகு நான் எந்தக் காரும் வாங்கவில்லை. இன்றும் சைக்கிள்தான், மழைக்கு பஸ். யார் மீதும் கை வைக்கவும் இல்லை. நல்லவனானேன் என்று அதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்தச் சுகம் என் கைக்குத் தெரியும், ஆகையால் பயம்.

அக்கா இதைப் பற்றி என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை. தனியே இருக்கிறாள், தையல் தைக்கிறாள், ஞாயிறு வந்தால் இங்கே வருவாள். என்னைக் காப்பாற்றிய அக்கா, அவளைக் காப்பாற்றிய தம்பி என்று இருவரையும் வைத்து ஒரு கணக்கு எனக்குள் இருந்தது. போன ஞாயிறு வரைக்கும் அது சரியாகவே பட்டது.

"பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்க வேண்டாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கம்பியை வாங்கினேன். இனி யார் கண்ணிலும் படாமல் அலுமாரிக்கு மேலே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அலுமாரி அக்காவின் கதிரைக்குப் பின்னால் இருந்தது. கிட்டப் போய், கம்பியைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

அக்காவின் மடியிலிருந்த நெத்தலித் தட்டு நிலத்தில் விழுந்தது. அவளுடைய வளைந்த கை முகத்தை மறைத்துக்கொண்டு மேலே நின்றது. கண் இறுக மூடியிருந்தது. எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

"என்ன மச்சாள், என்ன?" என்று மனைவி ஓடிவந்தாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தாள். உயர்த்திய கையை அப்படியே நெற்றிக்குக் கொண்டுபோய், ஏதோ கடித்ததுபோலத் தட்டினாள்.

"ஒண்டுமில்லை பிள்ளை, நுளம்பு" என்றாள்.